லெய்டனிலேயே இருப்பதா, கிளம்புவதா? 1617 முதல் 1620 வரை ஒரு சபை போட்ட கணக்கு

1609 பிப்ரவரி 12 அன்று ஹாலந்தின் லெய்டன் நகர மன்றத்தார் ஒரு மனுவுக்குப் பதில் எழுதினார்கள். இங்கிலாந்தில் பிறந்த, ஆணும் பெண்ணுமாகச் சுமார் நூறு பேர், அந்த ஊரில் குடியேறித் தொழில் செய்து பிழைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். பதில் சுருக்கமானது: நேர்மையாக நடந்து ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர் யாருக்கும் இந்த நகரம் வாசலை அடைப்பதில்லை, தாராளமாக வரலாம். இங்கிலாந்துத் தூதர் தரப்பில் முணுமுணுப்பு எழுந்தபோதும் கொடுத்த அனுமதியை அவர்கள் திரும்பப் பெறவில்லை.

வந்தவர்களின் போதகர் ஜான் ராபின்சன். சபையில் மூப்பராக இருந்தவர் வில்லியம் புரூஸ்டர். பிற்காலம் இவர்களைத்தான் பில்கிரிம்கள் என்று கொண்டாடியது. மதச் சுதந்திரம் தேடி மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். ஆனால் கப்பல் ஏறிய நாளில் அந்தச் சுதந்திரத்தைப் பதினோரு வருடம் அனுபவித்து முடித்திருந்தார்கள். அப்படியென்றால் எதற்காகக் கிளம்பினார்கள், கிளம்பியவர்கள் ஏன் அந்தத் திசையில் போனார்கள் என்பதுதான் கேள்வி. அவர்கள் முன் ஐந்தாறு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் வாதாடித்தான் தள்ளினார்கள். அந்த வாதங்களில் பலவற்றை, அப்போது இளைஞராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதி வைத்திருக்கிறார். விளைவு தெரிந்தபின் ஒரு முடிவைப் பாராட்டுவதோ பழிப்பதோ சுலபம். அன்று அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் எது நல்ல வழி?

முதலில் பின்னணி. நாட்டிங்ஹாம்ஷயரில் ஸ்குரூபி என்ற சிற்றூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் இவர்களின் சொந்த ஊர். அரசுத் திருச்சபை பாதி கத்தோலிக்கமாகவே நின்றுவிட்டது, அதைச் சீர்திருத்தக் காத்திருப்பதில் பயனில்லை, விசுவாசிகள் பிரிந்து தனிச் சபை கூட வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. 1593-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர் அரசுத் திருச்சபைக்கு வர மறுத்துத் தனியாகக் கூடினால் சிறை. மூன்று மாதத்துக்குள் பணியாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், திரும்பி வந்தால் மரண தண்டனை. அதே ஆண்டில் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட், ஜான் பென்ரி ஆகிய மூவரைத் தூக்கிலிட்டார்கள். வெளியேறு என்று சட்டம் சொன்னாலும் அனுமதிச் சீட்டில்லாமல் வெளியேறுவதும் குற்றம்தான். 1607-ல் இங்கிலாந்தின் பாஸ்டன் துறைமுகத்தில் இவர்களிடம் கூலி வாங்கிய கப்பல் தலைவனே காட்டிக்கொடுத்தான். அடுத்த வருடம் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தருகே ஒரு டச்சுக் கப்பலை ஏற்பாடு செய்தார்கள். ஆண்கள் ஒரு படகு நிறைய ஏறிவிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த தோணி, நீர் வற்றிச் சேற்றில் தட்டி நின்றது. ஆயுதங்களோடு ஊர்க்கூட்டம் ஓடி வருவதைக் கண்ட கப்பல்காரர் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். மாற்றுத் துணிகூட இல்லாமல் ஆண்கள் கடலிலும், குடும்பங்கள் காவலர் கையிலுமாகப் பிரிந்தார்கள். கப்பல் புயலில் சிக்கி நார்வே கரைவரை அடித்துச் செல்லப்பட்டது. இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதிகாரிகளுக்கே தெரியாமல் போனதால், பெண்களும் பிள்ளைகளும் பிற்பாடு வந்து சேர முடிந்தது.

இந்த அனுபவத்துக்குப் பின் அவர்கள் எந்த வழியையும் மூன்று விதத்தில் சோதித்தார்கள் என்று சொல்லலாம். ஆராதனைக்குத் தடை வரக் கூடாது. வயிறு நிரம்ப வேண்டும். சபை சிதறக் கூடாது. மூன்றாவதுக்குத்தான் அவர்கள் அதிக எடை கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு. அதை மறந்துவிட்டுப் பார்த்தால் 1620-ன் முடிவு வெறும் முரட்டுத்தனமாகத்தான் தெரியும்.

லெய்டனிலேயே தங்கிவிடுவதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் எந்த ஏற்பாடும் செய்ய வேண்டியதில்லை. சுமார் 40,000 பேர் வாழ்ந்த துணி நகரம் அது. 1611-ல் ராபின்சனும் இன்னும் மூவரும் சேர்ந்து, பீட்டர் ஆலயத்துக்கு எதிரே ஒரு சந்தில், பச்சை வாசல் என்ற பெரிய வீட்டை 8,000 கில்டருக்கு வாங்கினார்கள். போதகர் குடியிருப்பும் சபை கூடுமிடமும் அதுவே. பின்தோட்டத்தில் சபையாருக்குச் சிறு வீடுகள் எழும்பின. 1615-ல் ராபின்சன் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றார். அங்கே இறையியல் விவாதங்களில் கலந்துகொண்டார், பல்கலைக்கழகத்தாருக்கு உரிய பீர் வரிவிலக்கும் கிடைத்தது. தாய்நாட்டில் தலைமறைவாகத் திரிந்த ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது கூலி. ஸ்குரூபிக்காரர்கள் உழவர்கள். லெய்டனில் நெசவும் கம்பளி சீவுவதும்தான் வேலை. பிராட்ஃபோர்டே பருத்தி கலந்த முரட்டுத் துணி நெய்து பிழைத்தார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பினால்தான் அடுப்பெரியும் என்ற நிலை பல வீடுகளில். இளம் முதுகுகள் பாரத்தில் வளைந்தன, உடலின் வலு மொட்டிலேயே கருகியது என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். வளர்ந்த பிள்ளைகள் சிலர் படையில் சேர்ந்தார்கள், சிலர் தூரக் கடல்பயணம் போனார்கள், சிலர் பெற்றோர் சொல் கேளாமல் கைவிட்டுப் போனார்கள். பேச்சில் டச்சு ஏறிக்கொண்டே வந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து சேர வேண்டியவர்களும் வரவில்லை. வந்து பார்த்த சிலர், இந்தக் கஷ்டத்தோடு கிடைக்கும் ஹாலந்துச் சுதந்திரத்தைவிட இங்கிலாந்துச் சிறையே மேல் என்று முடிவெடுத்தார்கள் என்பதும் அவர் எழுதியதுதான். முன்னூறு பேர் அளவுக்கு வளர்ந்திருந்த சபைக்கு இது எச்சரிக்கை மணி.

ஹாலந்தின் சகிப்பும் கலங்கத் தொடங்கியிருந்தது. 1618-19-ல் டார்ட் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம், அர்மினியஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றியதால் அர்மீனியர்கள் எனப்பட்ட தரப்பை (ஆர்மீனிய நாட்டவரல்ல) தள்ளி வைத்தது. அவர்களுக்கு ஆதரவாக இருந்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டப்பட்டார். அதற்கு முந்தைய மாதம், சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் சில்டன், அறுபதைத் தாண்டியவர், மகளோடு வீடு திரும்பும்போது தெருப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டில் அர்மீனியர் கூட்டம் நடப்பதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு கல் கண்ணுக்கு மேலே பட்டு ஆளைக் கீழே சாய்த்தது. வேடிக்கை என்னவென்றால், ராபின்சன் அர்மீனியர்களுக்கு எதிராக வாதாடியவர்! அதே ஆண்டில் புரூஸ்டர் ரகசியமாக நடத்திய அச்சகம் சிக்கியது. மன்னர் ஜேம்ஸின் ஸ்காட்லாந்துத் திருச்சபைக் கொள்கையைத் தாக்கும் நூலை அச்சிட்டதாகக் குற்றச்சாட்டு. இங்கிலாந்துத் தூதர் டட்லி கார்ல்டன் நெருக்கியதில் டச்சு அதிகாரிகள் அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். பணம் போட்ட தாமஸ் புரூவர் பிடிபட்டார், புரூஸ்டர் தலைமறைவானார். போதாக்குறைக்கு ஸ்பெயினோடு இருந்த பன்னிரண்டு வருடப் போர்நிறுத்தம் 1621-ல் முடியவிருந்தது.

ஆக லெய்டனில் ஆராதனைக்குக் குறையில்லை, வயிற்றுப்பாடு இழுபறி, சபை மட்டும் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. நானாக இருந்தால் அங்கேயேதான் இருந்திருப்பேன். சபையில் பெரும்பாலானோரும் அதைத்தான் செய்தார்கள்.

தாய்நாடு திரும்புவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 1616-ல் ஹென்றி ஜேக்கப் என்பவர் லண்டனின் சதக் பகுதியில், அரசுத் திருச்சபையை முற்றாக மறுக்காமலே தனியாகவும் கூடும் ஒரு சபையைத் தொடங்கியிருந்தார். லெய்டனில் ராபின்சனோடு பழகியவர் அவர். தலையைக் குனிந்து வாழத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் 1632-ல் அந்தச் சபையும் பிடிபட்டது. அப்போதைய போதகர் ஜான் லோத்ராப் சிறையிருந்து, 1634-ல் கடல் கடந்தார்.

கயானா, தென் அமெரிக்காவின் வடக்குக் கரை. சபையில் ஒரு சாராருக்கு இதில் பெரிய ஆசை. எப்போதும் வசந்தம், உழைக்காமலே விளையும் மண், தங்கம் என்றெல்லாம் வால்டர் ராலி காலத்திலிருந்து கதைகள் உலவின. எதிர்த்தவர்கள் இரண்டே காரணம் சொன்னார்கள்: வெப்பமண்டலக் காய்ச்சல், ஸ்பெயின்காரர். 1565-ல் ஃபுளோரிடாவில் குடியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்களை ஸ்பானியப் படை வெட்டிச் சாய்த்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை. அதற்கு மேல் ஆலோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. 1618-ல் ராலி வெறுங்கையோடு திரும்பி, ஸ்பெயினின் வற்புறுத்தலில் தலையையும் இழந்தபின் யாரும் கயானா பேச்சை எடுத்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இருந்த ஆங்கிலக் குடியேற்றமான வர்ஜீனியாதான் நெருடலான வழி. ஆங்கில மண், ஆங்கிலப் பேச்சு, நிலம் உண்டு. கூடவே ஆங்கிலத் திருச்சபையும் உண்டு. ஜேம்ஸ்டவுனில் 1610-களின் தொடக்கத்தில் போட்ட கடுஞ்சட்டத்தின்படி தினசரி ஆராதனைக்கு வராதவருக்கு முதல் தடவை அன்றைய படி கிடையாது, இரண்டாம் தடவை சாட்டையடி, மூன்றாம் தடவை ஆறு மாதம் துடுப்புக் கப்பல் தண்டனை. இதற்கா ஹாலந்தை விட்டுப் போவது? ஆகவே அவர்கள் கண்டுபிடித்த உபாயம்: வர்ஜீனியாவின் பொது ஆட்சிக்குக் கீழே, ஆனால் ஏற்கெனவே உள்ள குடியிருப்புகளிலிருந்து தள்ளித் தனி ஊராக இருப்பது. மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று மன்னரிடம் எழுத்தில் வாங்கிவிடுவது.

1617-ல் சபையின் சார்பில் ராபர்ட் குஷ்மனும் ஜான் கார்வரும் லண்டன் போனார்கள். கையில் ராபின்சனும் புரூஸ்டரும் கையெழுத்திட்ட ஏழு உறுதிமொழிகள். மன்னரின் மேலாண்மையை ஏற்கிறோம், ஆயர்களின் அதிகாரம் மன்னரிடமிருந்து வருகிற அளவில் அதையும் ஏற்கிறோம் என்று, எவ்வளவு வளைய முடியுமோ அவ்வளவு வளைந்து எழுதியது. அந்தக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் எட்வின் சான்டிஸ் இவர்கள் பக்கம். அரசச் செயலர் ராபர்ட் நான்டன் மன்னரிடம் பேசினார். போய் என்ன தொழில் செய்வார்கள் என்று ஜேம்ஸ் கேட்டாராம். மீன்பிடி என்றதும், "நல்ல தொழில், அப்போஸ்தலர்கள் செய்த தொழிலாயிற்றே!" என்று மகிழ்ந்தாராம். எட்வர்ட் வின்ஸ்லோ பிற்காலத்தில் எழுதிய கதை இது. மன்னர் மகிழ்ந்தாரே தவிர முத்திரை வைக்கவில்லை. அமைதியாக நடந்துகொண்டால் தொந்தரவு செய்ய மாட்டேன், ஆனால் எழுதித் தர மாட்டேன். கண்டும் காணாமல் இருப்பேன் என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

இங்கேதான் சபை கிட்டத்தட்ட பின்வாங்கியது. அப்போது தலைவர்கள் சொன்ன பதில், இந்த முழு விவகாரத்திலும் எனக்கு மிகவும் கூர்மையாகப் படுவது. நமக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று பின்னால் நினைத்தால், வீட்டுத் தரை அகலத்துக்கு முத்திரை வைத்துத் தந்திருந்தாலும் பயனில்லை, அதை ரத்து செய்ய ஆயிரம் வழி கண்டுபிடிப்பார்கள் என்றார்கள். இது மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன சமாதானம் என்று தோன்றலாம். பிரான்சைப் பார்த்தால் தோன்றாது. 1598-ல் நான்காம் ஹென்றி ஹியூகனாட்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்களுக்கு அளித்த நான்ட் அரசாணை, நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது என்ற வாசகங்களோடு வெளிவந்தது. 1685-ல் அவர் பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். முத்திரையை நம்பாமல் தூரத்தை நம்பலாம் என்பதுதான் லெய்டன்காரர்களின் கணக்கு: மூவாயிரம் மைல் தள்ளி இருப்பவனைத் தொந்தரவு செய்ய மன்னருக்குச் செலவு அதிகம்.

தூரத்துக்கும் விலை உண்டு. ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலச் சபையின் மூப்பராக இருந்த ஃபிரான்சிஸ் பிளாக்வெல் இவர்களை முந்திக்கொண்டு 1618-ல் வர்ஜீனியா கிளம்பினார். லண்டனில் பிடிபட்டபோது தன் கொள்கையை மறுத்து, வேறொருவரைக் காட்டிக்கொடுத்து, பேராயரின் ஆசீர்வாதத்தோடு வெளியே வந்தவர் அவர். 180 பேரைக் கப்பலில் அடைத்தார்கள். காற்று திசைமாற்றியது, தண்ணீர் தட்டுப்பட்டது, வயிற்றுப்போக்கு. சுமார் 130 பேர் செத்தார்கள், பிளாக்வெல் உட்பட. 1619 மே மாதம் குஷ்மன் எழுதிய கடிதத்தில் இந்தச் செய்தி லெய்டனுக்கு வந்தது. ஆயர்களின் ஆசீர்வாதத்துக்கு இதுதான் பலன் என்றால் அது கிடைக்காதவர்கள் பாக்கியவான்கள் என்று பிராட்ஃபோர்ட் குத்தலாக எழுதுகிறார். அப்படி எழுதினாலும் அதே கடலைத்தான் அவர்களும் தேர்ந்தார்கள்.

1620 தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் ஒரு வழியோடு வந்தார்கள். ஹாலந்துக்குப் பக்கத்து ஜீலாந்து மாகாணத்துக்குப் போகலாம், அல்லது அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரைக்கு. ஹட்சனுக்கு என்றால் பயணச் செலவு இலவசம், குடும்பத்துக்குக் குடும்பம் மாடும் தருவோம் என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே சிறந்தது. கடன் இல்லை, ஆயர் இல்லை, கொள்கையளவில் இவர்களுக்கு நெருக்கமான சீர்திருத்தத் திருச்சபை. பிப்ரவரி 12 அன்று நியூ நெதர்லாந்து வணிகர்கள் இளவரசர் மாரிஸுக்கு மனுப் போட்டார்கள்: லெய்டனில் ஓர் ஆங்கிலப் போதகர் இருக்கிறார், நானூறு குடும்பங்களைத் திரட்டுவார், பாதுகாப்புக்கு இரண்டு போர்க்கப்பல் வேண்டும். நானூறு என்பது வியாபாரிகளின் வாய்வீச்சு. ஏப்ரல் 11 அன்று டச்சு அரசவை மனுவைத் தள்ளியது. ஸ்பெயினோடு போர் வரப்போகும் நேரத்தில் இரண்டு போர்க்கப்பலை யார் விடுவார்கள்?

அரசவை மறுக்கும் முன்பே இவர்கள் மனம் மாறத் தொடங்கியிருந்தது. லண்டனிலிருந்து தாமஸ் வெஸ்டன் என்ற வணிகர் வந்து, டச்சுக்காரரை நம்பாதீர்கள், பணத்துக்கும் கப்பலுக்கும் நான் பொறுப்பு என்றார். டச்சுப் பயணத்தை ஏற்றால் அமெரிக்காவிலும் பிள்ளைகள் டச்சுக்காரராகிவிடுவார்கள் என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. லெய்டனை விட்டுக் கிளம்பும் காரணமே அதுவாக இருக்கையில் அந்த வழி மனதுக்கு ஒட்டவில்லை.

அவர்கள் தள்ளிய வழிகளை அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு கூட்டம் முயன்று பார்த்தது நமக்கு அதிர்ஷ்டம். லெய்டனில் குடியேறியிருந்த பிரெஞ்சு மொழிப் புராட்டஸ்டன்ட்கள், வாலூன்கள். அவர்களில் ஜெஸ்ஸே டி ஃபாரஸ்ட் என்ற சாயக்காரர் 1621-ல் ஐம்பத்தாறு குடும்பங்கள் சார்பில் வர்ஜீனியாவுக்கு அனுமதி கேட்டார். கம்பெனி, வரலாம், ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருக்க விட மாட்டோம், பல ஊர்களில் பிரித்து வைப்போம் என்றது. தனி ஊர் என்ற பேச்சில் ராபின்சன் குழு ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பது இந்த ஒரு பதிலில் விளங்கிவிடும். ஃபாரஸ்ட் அடுத்து 1623-ல் கயானா கரைக்குப் போய், மறுவருடம் அங்கேயே இறந்தார். 1624-ல் சுமார் முப்பது குடும்பங்கள், பெரும்பாலும் வாலூன்கள், டச்சுக் கப்பலில் ஹட்சன் கரைக்குப் போய் நிலைத்தன. ஆக ஹட்சன் வழி நடைமுறையில் சாத்தியமானதுதான். ஆனால் போன வாலூன்கள் சில தலைமுறைகளில் டச்சு, ஆங்கிலச் சமூகத்தோடு கலந்துபோனார்கள். சீர்திருத்தத் திருச்சபைக்கு வெளியே இருந்த லூத்தரன்களையும், சடங்கும் போதகரும் வேண்டாம் என்ற குவேக்கர்களையும் அந்தக் குடியேற்றம் 1650-களில் துன்புறுத்தவும் செய்தது.

வெஸ்டன் போட்ட நிபந்தனைகள் கசப்பானவை. பத்து பவுண்டுக்கு ஒரு பங்கு. பதினாறு வயது தாண்டிய ஒவ்வொரு குடியேறியும் ஒரு பங்குக்குச் சமம். ஏழு வருடம் எல்லாரும் பொதுவுக்காக உழைக்க வேண்டும், பிறகு லாபம் பங்கிடப்படும். வீடும் தோட்டமும் தங்களுக்கே என்றும், வாரத்தில் இரண்டு நாள் சொந்த வேலைக்கு என்றும் முதலில் பேசியிருந்ததை வெஸ்டன் மாற்றினார். குஷ்மன் லெய்டனைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார். சவுத்தாம்ப்டனில் கையெழுத்திட மறுத்தபோது வெஸ்டன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். துறைமுகக் கடனை அடைக்க 60 பவுண்டுக்கு வெண்ணெயை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கொடுமைக்குப் பெயர்போன கந்துவட்டிக்காரர்கூடப் பயணத் தீனியில் கைவைக்க மாட்டார்.

பெரும்பான்மை எங்கேயோ அங்கே போதகர் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். பெரும்பான்மை தங்கியதால் ராபின்சன் லெய்டனில் நின்றார், புரூஸ்டர் போனார். கூட வரவேண்டிய ஸ்பீட்வெல் கப்பல் ஒழுகியதால், 1620 செப்டம்பரில் மேஃபிளவர் மட்டும் 102 பயணிகளோடு இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து கிளம்பியது. அதில் லெய்டன்காரர்கள் பாதிக்கும் குறைவு. நவம்பரில் கேப் காட் முனையில், வர்ஜீனியா கம்பெனியின் எல்லைக்கு வெளியே போய் இறங்கினார்கள். மூன்று வருடம் மன்றாடி அந்தக் கம்பெனியிடம் வாங்கிய பட்டயம் அந்த மண்ணில் செல்லாது. வசந்தம் வருவதற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள், கல்லடி பட்டுத் தப்பிய சில்டனும் அதில் ஒருவர். முதல் போட்ட லண்டன் வணிகர்களோடு 1626-ல் 1,800 பவுண்டுக்குத் தீர்வு பேசினார்கள். அதை அடைத்து முடிக்க 1640-கள் வரை இழுத்தது.

உயிர், கடன் இரண்டையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் எடுத்தது மோசமான வழிகளில் ஒன்று. லெய்டனில் தங்கியவர்கள் பாதுகாப்பாக வாழ்ந்தார்கள். 1625-ல் ராபின்சன் இறந்தபின் அந்தச் சபை சிறுகச் சிறுக டச்சுத் திருச்சபையில் கலந்து மறைந்தது. அமெரிக்காவில் அவர்கள் அமைத்த, அதே பெயர் கொண்ட பிளிமத் குடியேற்றத்தில் சபை நிலைத்தது. அதைத்தான் அவர்கள் கேட்டார்கள், அதுதான் கிடைத்தது. எல்லாருடைய மனசாட்சிக்கும் இடம் தரும் நாடு ஒன்றை அவர்கள் கேட்டதே இல்லை. 1650-களில் பிளிமத்தும் குவேக்கர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. போதகர் ராபின்சனின் மகன் ஐசக் 1631-ல் அங்கே வந்து குடியேறியவர். குவேக்கர்களைத் திருத்தும் பொறுப்பில் அவர்கள் கூட்டங்களுக்குப் போய்வந்தார். அவர்கள் மீதான சட்டங்களை எதிர்த்ததற்காக 1659-ல் அவருடைய வாக்குரிமையைப் பறித்தார்கள்.